அடுப்படியில் கிடைக்கும் மொழி

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து ‘ஹோம்ஸ்டே’ போர்டுகளை எண்ணிப் பாருங்கள். பாதி வழியிலேயே கணக்கு தவறிவிடும். தேயிலைத் தோட்ட வளைவுகளில், சில்வர் ஓக் மரங்களில் ஆணி அடித்து, மஞ்சளும் பச்சையுமாக எத்தனையோ பெயர்கள். உள்ளே போனால் சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். வைஃபை பாஸ்வேர்டு எழுதிய ஓர் அட்டை இருக்கிறது, வெந்நீர் வைக்க ஒரு கெட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கிறார். சமையலறை பூட்டிக் கிடக்கிறது. இரண்டு நாள் தங்கிவிட்டு, அந்த வீட்டில் எந்த மொழி பேசுவார்கள் என்றுகூடத் தெரியாமல் திரும்பி வந்துவிடலாம்.

‘ஹோம்ஸ்டே’ என்ற சொல் இப்படி ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு. பிறந்து வளர்ந்தது இந்த மலை என்பது ஒரு காரணம். வேறொரு நாட்டில், வேறொரு மொழி படிக்கப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் மூன்று மாதம் தங்கியவள் என்பது இன்னொரு காரணம். அன்னிய வீட்டில் தங்குவது என்றால் என்ன, அதில் என்ன கிடைக்கும், என்ன வலிக்கும் என்பதை நான் உடம்போடு அறிவேன்.

வேற்று நாட்டு இளைஞரை ஒரு குடும்பத்தில் அந்த வீட்டுப் பிள்ளைபோலச் சேர்த்துவிடுவது என்ற யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1932-இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்நிய நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அங்கே ஒரு குடும்பத்தோடு சேர்ந்து வாழ வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பின்னாளில் மொழிப் பள்ளிகள் இதைப் பிடித்துக்கொண்டன. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் ஆன்டிகுவா என்று ஒரு பழைய ஊர். 1970-களிலிருந்து அங்கே ஸ்பானிஷ் பள்ளிகள் பெருகின. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர், தங்குவதற்கு ஒரு குடும்பம், மூன்று வேளையும் அந்த வீட்டுச் சாப்பாடு. உள்ளூர்க் குடும்பங்களுக்கு அது வருமானம். வந்தவருக்கோ பாடப் புத்தகத்தில் இல்லாத பாதி மொழி அந்த வீட்டில் கிடைத்தது.

நான் போனது ஸ்பெயினில் உள்ள சலமாங்காவுக்கு. 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்றும் நடக்கும் ஊர். ஜனவரி மாதம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சலமாங்கா 800 மீட்டர்தான். குளிரெல்லாம் நமக்குப் பழக்கம் என்ற தைரியத்தில் போனேன். அந்தக் குளிர் வேறு ரகம், எலும்பைத் தொடும். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். கணவர் இல்லை, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். முதல் நாளே மூன்று விதிகள் சொன்னார். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. குளியல் ஐந்து நிமிஷம், ஏனென்றால் வெந்நீர் சிலிண்டர் காஸில் ஓடுகிறது, அந்த ஆரஞ்சு நிற சிலிண்டரை அவர்தான் பணம் கொடுத்து வாங்க வேண்டும். பகல் சாப்பாடு இரண்டரை மணிக்கு, தாமதித்தால் ஆறிவிடும்.

வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதுதான் நமக்கு மரியாதை. அங்கே அது நோயை வரவழைக்கும் செயல். என் காலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. நான் அவமதிக்கிறேன் என்று அவர் நினைக்கிறாரோ என்று எனக்குப் பயம். எனக்குச் சளி பிடித்துவிடுமே என்று அவருக்குப் பயம். இது எனக்கு விளங்கவே பத்து நாள் ஆயிற்று.

சாப்பாட்டு மேஜையில் நடந்தது இதைவிடக் கஷ்டமானது. நம் ஊரில் விருந்தாளி முதலில் ‘போதும்’ என்பார், வீட்டுக்காரர் ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்துவார், மூன்றாவது தடவையில்தான் தட்டு நிறையும். ‘போதும்’ என்பதற்குப் ‘போதும்’ என்று பொருள் கிடையாது. அந்த அம்மாள் ‘இன்னும் வேணுமா?’ என்று கேட்டார். ‘வேண்டாம், நன்றி’ என்றேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதல் வாரம் முழுக்க அரைப் பசியோடுதான் தூங்கினேன். அவரிடம் ஒரு குறையும் இல்லை. நான் சொன்ன சொல்லை அவர் மதித்தார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தமிழருக்கு ஸ்பானிஷில் சில இடங்கள் சொந்த வீடு மாதிரி இருக்கும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் காபியை ‘நான் விரும்புகிறேன்’. ஸ்பானிஷில் ‘மெ குஸ்தா எல் கஃபே’. அதில் ‘மெ’ என்பது ‘எனக்கு’. அப்படியே நம் ‘எனக்குக் காபி பிடிக்கும்’. ஆங்கிலம் வழியாகக் கற்கிற மாணவர்கள் இதில் வாரக்கணக்கில் தடுமாறினார்கள். தமிழ் வழியாகப் போனால் ஒரே நிமிஷம். ரகர றகர விஷயமும் அப்படித்தான். ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. றகரத்தை அதிர வைத்து ‘பெற்றோ’வுக்கும் ‘பெர்ரோ’வுக்கும் இடையில் ஓர் ஒலி எழுப்பினால் ‘நாய்’. எழுத்தில் ர, ற இரண்டையும் வைத்துக்கொண்டு பேச்சில் ஒன்றாக்கிவிட்டோம். கன்னியாகுமரிப் பக்கத்தவர்கள் இன்னும் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களுக்கு ஸ்பானிஷ் நாக்கில் எளிதாக உருளும்.

ஆனால் நான் சிக்கிக்கொண்டது ஒலியிலோ இலக்கணத்திலோ இல்லை. நீ, நீங்கள் என்பதில்தான். ஸ்பானிஷில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். எழுபது வயது அம்மாளை ‘தூ’ என்று கூப்பிட எனக்கு எப்படி வாய் வரும்? ‘உஸ்தெத்’ என்றே பேசினேன். இரண்டு தடவை அவர், ‘தூ என்றே சொல்’ என்றார். நான் மாறவில்லை. மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர், ‘நல்ல பெண், ஆனால் வீட்டில் ஒட்ட மாட்டேன் என்கிறாள்’ என்று சொல்வது காதில் விழுந்தது. அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தேன். ஊரில் என் அம்மாவை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பாவையும் ‘நீ’தான். ‘நீங்க’ என்பது மாமாவுக்கும் வாத்தியாருக்கும் மேனேஜருக்கும். அந்த அம்மாள் தன்னை என் அம்மா இருக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். நான் தினமும் மூன்று வேளையும் அவரை மேனேஜர் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ‘தூ’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் ஒரு கத்தியையும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கையும் கொடுத்தார்.

தொர்த்தியா என்பது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் கனத்த அடை. கிழங்கைப் பலகையில் வைத்து வெட்டக் கூடாது. கையில் பிடித்துக்கொண்டே மெல்லிய சீவல்களாகப் பாத்திரத்தில் விழ வைக்க வேண்டும். ‘உங்கள் ஊரில் பதாத்தா உண்டா?’ என்று கேட்டார். போனில் கேத்தி பள்ளத்தாக்குப் படத்தைக் காட்டினேன். படிப்படியாக வெட்டிய சரிவில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ். தென்னமெரிக்க மலைகளிலிருந்து ஸ்பானியர்கள் கொண்டுவந்த கிழங்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் போன்றவர்கள் ஐரோப்பியக் காய்கறிகளை நீலகிரியில் பயிராக்கினார்கள். இன்றைக்கு எங்கள் மலைக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. அதையெல்லாம் என் அரைகுறை ஸ்பானிஷில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம். அவர் அவசரப்படவில்லை. நடுவே எண்ணெய் தெறித்தது. ‘குய்தாதோ, நோ தெ கேமெஸ்!’ என்று கத்தினார். பார்த்து, சுட்டுக்கொள்ளாதே. ‘வேண்டாம்’ என்று தடுக்கும்போது வினைச்சொல் உருமாறும் என்பதைப் பள்ளியில் ஒரு வாரமாகப் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அந்த நொடியில், அந்த எண்ணெய்ச் சட்டி முன்னால் புரிந்தது. அதற்குப் பிறகு மறக்கவும் இல்லை.

அந்த வீட்டில் ஒரு வட்ட மேஜை இருந்தது. தரை வரை தொங்கும் கனத்த துணி விரித்திருக்கும், அடியில் ஒரு ஹீட்டர். முன்காலத்தில் அந்த இடத்தில் கரித்தணல் வைப்பார்களாம். வீட்டில் உண்மையிலேயே கதகதப்பான இடம் அது ஒன்றுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் குளிர். ஆகவே சாப்பிட்டு முடித்ததும் துணிக்குள் காலை நீட்டிக்கொண்டு பேசுவோம். அந்தப் பேச்சுக்கு ஸ்பானிஷில் ‘சொப்ரெமெசா’ என்று தனிப் பெயரே இருக்கிறது. என் ஸ்பானிஷில் பெரும்பகுதி அந்தத் துணிக்கு அடியில் கிடைத்தது. புறப்படும் வாரத்தில் அவர் என்னை ‘இஹா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். மகளே என்று பொருள். நான் ஒவ்வொரு தட்டுக்கும் நன்றி சொல்வதையும் நிறுத்தியிருந்தேன். வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லையே.

அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் குன்னூர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. எனக்கு இதற்கு முன்பே ஓர் அன்னிய வீடு இருந்திருக்கிறது. அதை நான் வீணாக்கியிருக்கிறேன்.

என் அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நாங்கள் இருந்தது லைன் வீடு. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி படுகர் பெண், பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்தவள். அந்த ஹட்டியில் வரிசையாக ஒட்டினாற்போல் வீடுகள், முன்னால் பொதுவாக ஒரு முற்றம். மழை நாட்களில் பள்ளி விட்டதும் அங்கேதான் ஒதுங்குவேன். அவள் பாட்டியை எல்லோரும் ‘ஹெத்தை’ என்பார்கள். அவர்கள் மொழியான படுகில் பாட்டிக்கு அதுதான் சொல். மலையே கொண்டாடும் ஹெத்தையம்மன் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்ததும் தலை குனிவார்கள், ஹெத்தை உச்சியில் கை வைத்து வாழ்த்துவார். நானும் குனிவேன். எனக்கும் அதே கை, அதே வாழ்த்து. பிறகு அவரைக்காயும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்போடு சூடாகச் சாப்பாடு. அவர் படுகில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். பத்து வருஷம் அப்படியே ஓடியது. அவர் பேசுவது முழுக்கப் புரியும். ஒரு வாக்கியம் திருப்பிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஸ்பானிஷுக்காகக் கடல் கடந்து போனவள், அரை மைல் தூரத்தில், மழைக்கு ஒதுங்கிய வீட்டில், தினமும் கேட்ட மொழியைக் கற்கவில்லை.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. நீலகிரியில் பிறந்த தமிழர்களில் பெரும்பாலோர் கதை இதுதான்.

இந்த மாவட்டத்தில் தமிழும் மலையாளமும் கன்னடமும் தவிர, மலைக்கே உரிய மொழிகள் எத்தனை! தோடர், கோத்தர், படுகர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், குறும்பரில் பல பிரிவினர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு. பிற்பாடு இலங்கையிலிருந்து சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் தங்கள் மலையகத் தமிழோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அதுதான் டான்டீ. படுகை சுமார் 1.3 லட்சம் பேர் தாய்மொழியாகப் பதிந்திருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதைக் கன்னடத்தின் கீழ் வைக்கிறது. தோடர் சுமார் 1,500 பேர்தான். கோத்தர் இரண்டாயிரத்தைத் தொட்டும் தொடாமலும். தோட மொழியையும் கோத்த மொழியையும் மிகமிக ஆபத்தில் இருக்கும் மொழிகள் என்று யுனெஸ்கோ பட்டியலிட்டிருக்கிறது.

இவற்றைக் கற்க உலகின் மறு மூலையிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். 1603-இல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் கோழிக்கோட்டுப் பக்கமிருந்து மலையேறித் தோடர்களைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசிவிட்டு இறங்கிவிட்டார். மூன்று நூற்றாண்டு கழித்து ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்தார். 1906-இல் அவர் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ இன்றும் பெரிய புத்தகம்தான். அவரும் துபாஷிகளை நம்பியே வேலை செய்தார். 1935-இல் வந்த எமனோ மட்டும் வேறு மாதிரி. கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவில் எட்வர்ட் சபீரிடம் மொழியியல் பயின்றவர். மூன்று ஆண்டு இந்தியாவில் இருந்தார். தோடம், கோத்தம், படுகு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

அவருக்குக் கதவு திறந்தவர் சுல்லி என்ற கோத்தர். ஆசிரியராக இருந்தவர், ஆங்கிலமும் பல மலை மொழிகளும் தெரிந்தவர். நீண்ட முடி வைப்பது கோத்த ஆண்களின் வழக்கமாக இருந்த காலத்தில் முடியை வெட்டிக்கொண்டு, சொந்த மக்களின் கோபத்துக்கு ஆளானவர். மாண்டல்பாம் என்ற மானிடவியலாளர் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். சுல்லி சொல்லச் சொல்ல எமனோ எழுதிய கோத்தக் கதைகள் 1944 முதல் 1946 வரை நான்கு தொகுதிகளாக கலிஃபோர்னியாவில் அச்சாயின. 1961-இல் பர்ரோவும் எமனோவும் சேர்ந்து வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தமிழறிஞர்கள் யாரும் தாண்டிப் போக முடியாது. அதில் பக்கத்துக்குப் பக்கம் தோடச் சொல்லும் கோத்தச் சொல்லும் தமிழோடு வரிசையில் நிற்கின்றன. அந்தச் சொற்களெல்லாம் இந்த மலையில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து, கேட்டவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவை. எமனோவைத் தெரிந்த அளவுக்கு நமக்கு சுல்லியைத் தெரியாது. அது நியாயமில்லை.

தோடர் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ‘ஓள்’. நம் ‘ஆள்’தான் அது. அவர்கள் நாக்கில் ர என்ற அதிர்வொலி ஆறு வகையாக வருவதை ஒலியியலாளர்கள் கருவி வைத்து அளந்து 1996-இல் எழுதினார்கள். மூன்று இடங்களில் நாக்கு அதிர்கிறது, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு விதம். சலமாங்காவில் ஒரு ‘பெர்ரோ’வுக்கு நான் பட்ட பாட்டை நினைத்துக்கொள்கிறேன். ஒரு தோடக் குழந்தைக்கு அது வேலையே இல்லை.

எமனோவும் பிறரும் மொழியைத் தேடி வந்தார்கள். உறவைத் தேடித் தங்கியவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். இஸ்ரேலைச் சேர்ந்த நுரித் பேர்ட்-டேவிட், 1978–79-இல் நீலகிரி – வயநாட்டுக் காட்டில் நாயக்கர் குடியிருப்பில் வாழ்ந்தார். காட்டுநாயக்கர் என்று நாம் சொல்கிற மக்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள் கொண்ட சிறு குடியிருப்பு. அவர்கள் தங்களைக் குறிக்கச் சொல்லும் ‘நம சொந்த’ என்ற தொடரை அவர் பிடித்துக்கொண்டார். தமிழருக்கு அகராதி வேண்டாம், நம்ம சொந்தம். ஆனால் அதன் பொருள் நம் பொருளைவிட அகலம். ரத்த உறவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. கூடவே இருந்து, கிடைத்ததைப் பங்கிட்டுச் சாப்பிட்டால் சொந்தம். காட்டு விலங்கும் மலைத் தெய்வமும்கூட அதில் அடங்கும். காட்டையே, கொடுக்கும் பெற்றோராகப் பார்க்கும் அவர்களது மனத்தைப் பற்றி 1990-இல் அவர் எழுதிய கட்டுரை மானிடவியலில் பேர் பெற்றது. 2017-இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே அந்தத் தொடரின் ஆங்கில வடிவம்தான்.

டொனால்ட் வாட் அமெரிக்காவில் கண்டுபிடித்ததாகச் சொல்லும் விஷயத்தை, இந்த மலைக் காட்டில் எழுத்தறியாத மக்கள் ஒரே தொடரில் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பெருமை.

பழைய நீலகிரியைப் பொன்னுலகமாக வர்ணிக்க நான் வரவில்லை. தோடர் நெய் கொடுத்தார்கள், கோத்தர் சட்டியும் இரும்புக் கருவியும் செய்து, சாவுக்கு வாத்தியம் வாசித்தார்கள், படுகர் தானியம் கொடுத்தார்கள், குறும்பர் காட்டுப் பொருள் கொண்டுவந்தார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கலால் ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரிந்தது. ஆனால் அது வாசல் வரைக்கும்தான். ஒருவர் அடுப்படிக்கு மற்றவர் போனதில்லை. ஒருவர் சமைத்ததை மற்றவர் சாப்பிடுவதில் விலக்குகள் இருந்தன. குறும்பர் மந்திரம் வைப்பார்கள் என்ற பயத்தில் அவர்களைக் கண்டாலே ஒதுங்கியவர்கள் உண்டு, அதனால் அவர்கள் பட்ட துன்பமும் உண்டு. ஹெத்தை எனக்குச் சாப்பாடு போட்டாரே, அது ஒரு தலைமுறைக்கு முன்னால் அத்தனை எளிதாக நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆகவே பழையதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. நம் காலத்தில்தான் அந்தக் கதவு திறக்க முடியும் என்கிறேன்.

மதுரையில் இது நடக்கிறது. தமிழ் கற்க வரும் அமெரிக்க மாணவர்கள் அங்கே தமிழ்க் குடும்பங்களோடு தங்கிப் படிக்கிறார்கள். காலையில் வகுப்பு, மாலையில் வீட்டு அம்மாவோடு மார்க்கெட். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதற்கு நல விசாரிப்பு என்று பொருள் இருப்பதை அவர்கள் வகுப்பில் கற்பதில்லை. கோத்தகிரியில் 1990-களிலிருந்து பழங்குடி மக்களோடு வேலை செய்துவரும் கீஸ்டோன் அறக்கட்டளையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015-இல் ஒரு களக் கல்வித் திட்டம் தொடங்கின. அமெரிக்க மாணவர்களும் மலையின் பழங்குடி இளைஞர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள், சேர்ந்தே கிராமங்களுக்குப் போனார்கள். வந்தவர் கற்பவர், இருப்பவர் தகவல் கொடுப்பவர் என்ற பழைய ஏற்பாடு அங்கே கொஞ்சம் உடைந்தது. நல்ல தொடக்கம் அது.

நம் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு எங்கே? சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மொழியியல் படிக்கும் மாணவர்கள், தமிழாசிரியர்கள், ஊட்டியில் வேலைக்கு வரும் டாக்டர்கள், வன அலுவலர்கள், பேங்க் ஊழியர்கள் யாராக இருந்தாலும் ஒரு மாதம் ஒரு ஹட்டியிலோ கோத்தர் ஊரிலோ தங்கி மொழி கற்க ஓர் ஏற்பாடு வேண்டும். முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. குறைந்தபட்சம் ஒரு குடும்பப் பட்டியலும், ஒரு சிறு கைப்புத்தகமும், நியாயமான ஊதியமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

ஊதியத்தை அழுத்திச் சொல்கிறேன். சலமாங்கா அம்மாளுக்கு என்னால் மாதா மாதம் பணம் கிடைத்தது. அதை அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. பாசத்துக்கு அது குறுக்கே வரவும் இல்லை. ஒரு தோடப் பெண்மணி தன் வீட்டில் ஒருவரை வைத்துச் சாப்பாடு போட்டு மொழி சொல்லிக் கொடுத்தால், அவர் ஆசிரியர். ஆசிரியருக்கு உரிய சம்பளம் அவருக்கு உண்டு. தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்பு சிவப்பு நூல் பின்னிய அந்தச் சால்வையை ஊட்டியில் எத்தனை பேர் வாங்கிப் போகிறோம், பின்னியவரிடம் ஒரு வார்த்தை அவர் மொழியில் பேசத் தெரியாமல்!

வைக்க விரும்பும் குடும்பம் மட்டுமே வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை யாரும் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. கோயில், சடங்கு, துக்கம் என்று வெளியாள் பார்க்கக் கூடாத இடங்கள் ஒவ்வொரு சமூகத்திலும் உண்டு. ‘இங்கே வராதே’ என்றால் நின்றுவிட வேண்டும். கேமராவை ஊரிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். தோடர் குடியிருப்புகளான மந்துகளில் இன்றும் காணக்கிடைக்கும் பழைய அரைவட்டக் கூரை வீடுகளின் வாசல் ஏறக்குறைய மூன்றடிதான். குனிந்து, கையூன்றித்தான் உள்ளே போக முடியும். வெளியே நிமிர்ந்து நின்று படம் எடுப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அத்தனை கூட்டம், அத்தனை வண்டி. ஒரு நாளில் ஏழு இடம் பார்த்துவிட்டு ராத்திரியே இறங்குகிற கூட்டம் அது. ஒரு வீட்டில் பதினைந்து நாள் இருப்பவர்கள் வந்தால் ரோட்டில் வண்டியும் குறையும்.

ஹெத்தை போய் ஆறு வருஷம் ஆகிறது. தோழி இப்போது வெளியூரில். அவள் அம்மா அதே வீட்டில் இருக்கிறார். போன டிசம்பரில் போயிருந்தேன். வாசலில் நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களைப் படுகில் சொன்னேன். இரண்டாவதில் தவறு. அவர் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே திருத்திச் சொல்லி, என்னைத் திரும்பச் சொல்ல வைத்து, சரியாக வந்த பிறகுதான் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு முறம் வந்தது. நாற்பது நிமிஷத்தில் பதினோரு சொல் எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் இரண்டு வாரம் அங்கேயே தங்கப் போகிறேன். எவ்வளவு பணம் என்று கேட்டதற்கு முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு ஒப்புக்கொண்டார்.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணன்களே, அக்காக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருப்பவர்களானால், அடுத்து வரும் விருந்தாளியை ஒரு வேளையாவது உங்கள் சமையலறையில் உட்கார வையுங்கள். உங்கள் வீட்டு மொழியில் பேசுங்கள், புரியாவிட்டால் பரவாயில்லை. மலைக்கு வரும் வாசகர்களே, அறை கேட்கும்போது, ‘வீட்டில் ஆள் இருக்கிறார்களா, அவர்களோடு சேர்ந்து சாப்பிடலாமா?’ என்று கேளுங்கள். ‘ஆம்’ என்று பதில் வந்தால் அங்கேயே தங்குங்கள்.